எடைச்சீட்டில் அரைச் சென் எங்கே போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் செம்பனைக் குலைக்கான எடைச்சீட்டைப் பைத்தான் நிரல்மொழியில் அச்சிடுவோர் கவனிக்க. வடிவக் குறியாக வெறும் 'ஜி' (g) போட்டால் ஆறு முக்கிய இலக்கங்கள்தான், 1234567.0 என்பது 1.23457e+06 ஆகிவிடும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வர '.2எஃப்' (.2f) போடுங்கள். எண்கள் நெடுவரிசையில் நேராக நிற்க '>10.2எஃப்'; அந்தப் பத்து எழுத்து அகலத்தில் புள்ளியும் அடக்கம்.

பெரிய சிக்கல் அரைச் சென்தான் (சென் என்பது ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு). 2.68 ஆக வேண்டிய 2.675-ஐ '.2எஃப்' 2.67 என்றே காட்டும். இரும எண்ணாகச் சேமிக்கும்போதே அது 2.67499999... ஆகிவிடுகிறது, அச்சு என்ன செய்யும்? கூலிக் கணக்கில் ஒரு சென்கூடத் தொலையக் கூடாது. தசம எண்ணை அப்படியே வைத்திருக்கும் டெசிமல் (Decimal) வகைக்கு '2.675' என மேற்கோளுக்குள் கொடுத்து, இலக்கங்களைக் குறைக்கும் குவான்டைஸில் (quantize), பாதியை மேலே ஏற்றும் ரவுண்ட் ஹாஃப் அப் (ROUND_HALF_UP) முறையைக் குறிப்பிடுங்கள். மேற்கோள் விட்டுப்போனால் பழைய பிழை அப்படியே உள்ளே வரும். ரொக்கத்துக்கு 5 சென்னாக முழுமையாக்குவது மொத்தத் தொகையில் மட்டும்.