ஸ்டம்பில் லேசர்: காலைக் கழற்றி வைக்கும் நாட்களையும் கணக்கில் எடுங்கள்

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போடுபவர்களுக்குப் பின்முழங்கால் மடிப்பிலும், மேலே போடுபவர்களுக்குக் கவட்டுப் பக்கம் சொக்கெட் (கால் நுழையும் கிண்ணம்) விளிம்பு உரசும் இடத்திலும்தான் ஸ்டம்பில், அதாவது வெட்டியபின் மிஞ்சிய காலில், சிவந்த பருக்கள் பெரும்பாலும் வரும். மயிர் தோலுக்குள்ளேயே சுருண்டு, வியர்வையில் ஊறிச் சீழ் கட்டும். கொழும்பு வெக்கையில் ஸ்டம்பில் மாட்டும் சிலிக்கன் உறையான லைனருக்குள் மத்தியானத்துக்கு முன்பே வியர்வை தேங்கிவிடும். சவரம் செய்தால் இன்னும் கூடும். வெட்டுப்பட்ட மயிரின் கூர்முனைதான் திரும்ப உள்ளே குத்துகிறது. இதற்குத்தான் மயிரை வேரிலேயே சுட்டு அழிக்கும் லேசர் கைகொடுக்கும்.

எல்லாப் புண்ணுக்கும் அல்ல. ஸ்டம்பின் நுனியில் தோல் தடித்து மரு மாதிரிக் கரடுமுரடாக இருந்தால், பெரும்பாலும் அடியில் சொக்கெட் தொடாமல் இடைவெளி விழுந்திருக்கும். அது கால் செய்பவரிடம் போக வேண்டிய வேலை. லைனர் படும் இடம் முழுவதும் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், லைனரில் சவர்க்காரம் சரியாக அலசப்படாமலும் இருக்கலாம். தோல் டொக்டரிடம் போகும்போது செயற்கைக் காலையும் லைனரையும் கூடவே கொண்டுபோங்கள். மாட்டிக் காட்டினால் எந்த விளிம்பு எங்கே உரசுகிறதென்று அவருக்கே தெரியும்.

நம்முடைய தோல் நிறத்துக்கு 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. 755 நனோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் மேல்தோலின் கருமையிலேயே சூட்டைக் கொட்டிவிடும். கொப்புளமும் வெள்ளைத் தழும்பும் அப்படித்தான் வருகின்றன. அலைநீளம் எவ்வளவு என்று கேட்டால் விழிக்கிற இடத்தில் ஸ்டம்பை நீட்டாதீர்கள். நரைத்த மயிருக்கு எந்த லேசரும் சரிவராது.

வெட்டுத் தழும்பிலும் ஒட்டுத் தோலிலும் உணர்வு குறைவு. நீரிழிவுக்காரருக்கு மற்ற இடங்களிலும் அப்படித்தான். சூடு அளவுமீறினாலும் 'சுடுது' என்று சொல்ல வராது. அதனால் முதலில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அடித்துப் பார்த்து, ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் மிச்சத்தைத் தொட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது மருந்தில். இதே பருவுக்கு டொக்சிசைக்ளின் எழுதிக்கொடுப்பது வழக்கம். அது தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். குடிக்கிற எல்லா மருந்தையும் லேசர் செய்பவரிடம் சொல்லுங்கள். ஆறு வாரத்துக்கு முன்பிருந்தே மயிரைப் பிடுங்குவது, வக்ஸ் செய்வது கூடாது; வேர் இல்லாவிட்டால் லேசர் பிடிக்க எதுவும் இல்லை. லேசருக்கு முந்திய நாள் சவரம் மட்டும். சீழ்ப் பரு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

வளரும் பருவத்தில் உள்ள மயிர்தான் ஒவ்வொரு தடவையும் சாகும். ஆகவே 6 முதல் 8 தடவை, இடையில் 6 முதல் 8 வாரம். கிட்டத்தட்ட ஒரு வருட வேலை.

அதைவிடப் பெரிய கணக்கு, காலில்லாமல் இருக்கும் நாட்கள். அடித்த பின் மயிர்க்கால் ஒவ்வொன்றும் சிவந்து சிறிதாக வீங்கும். அது அடங்கும்வரை, சாதாரணமாக 1 முதல் 3 நாள், சொக்கெட்டுக்குள் போகக்கூடாது. ஊன்றுகோலோடு காலி வீதி பஸ்ஸில் ஏறுவது நடக்கிற காரியமில்லை. போயா சேர்ந்த நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளாகப் பார்த்துத் திகதி எடுங்கள், திரும்பிவர ஆட்டோவும் சொல்லிவையுங்கள். குளிர்ந்த ஈரத் துணி போதும்; உணர்வில்லாத தோலில் ஐஸை நேரே வைக்க வேண்டாம்.

கால் போடாவிட்டால் ஸ்டம்ப் வீங்கும், பிறகு சொக்கெட் ஏறாது. சூடு தணிந்ததும் எலாஸ்டிக் பண்டேஜை நுனியில் தொடங்கி எட்டு வடிவில், மேலே போகப்போக இறுக்கம் குறைத்துக் கட்டுங்கள். முதல்முறை திரும்பப் போடும்போது ஒரு மணித்தியாலம் மட்டும். கழற்றிப் பத்து நிமிடத்தில் சிவப்பு மறையாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசிக்கொண்டு லைனர் போடாதீர்கள். லைனர் வழுக்கும், சில வகை லைனர் பழுதாகியும் போகும்.

ஒன்றிரண்டு வாரத்தில் மயிர் மறுபடி முளைப்பது போலத் தெரியும். அது செத்த மயிர், உதிர வருகிறது. பிடுங்காமல் இரவில் மெதுவாகக் கழுவுங்கள். லைனரை உள்புறம் வெளியே புரட்டி விரலால் தடவிப் பாருங்கள்: ஒட்டியிருக்கும் துண்டு மயிர்கள் அடுத்த நாள் திரும்பக் குத்தும்.