ஃபார்மட் செய்யாமல் மீட்ட ஹார்ட் டிஸ்க்

நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை இரவல் வாங்கி ஸ்கேன் செய்து வருகிறோம். கணினியில் இடம் போதாததால், தொடக்க ஆண்டுகளின் டிஃப் (ஸ்கேன் செய்த பக்கங்களின் பட வடிவம்) கோப்புகள் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. அந்த டிஸ்க்கைக் கணினி ஒருநாள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்தது, திரையில் எதுவும் தோன்றவில்லை.

முதலில் காது கொடுத்துக் கேட்டேன். டிஸ்க் சீராகச் சுழன்றது. 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் தட்டியிருந்தால் அந்த நொடியே கழற்றி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்பியிருப்பேன். அந்தச் சத்தம் பெரும்பாலும் படிக்கும் தலையின் பழுதைக் காட்டும். தொடர்ந்து ஓடவிட்டால் தட்டின் பரப்பே சிதையலாம்.

அடுத்தது கேபிளும் போர்ட்டும். இந்த வகைச் சிறிய டிஸ்க்குகள் யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. கேபிளை மாற்றி, மேசைக் கணினியின் பின்பக்கத்து நீலநிறப் போர்ட்டில் செருகியதும் டிஸ்க் தெரிந்தது. கூடவே, ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்ற கேள்வியும் வந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931 ஜிபி என்று அளவு சரியாகத் தெரிந்தது; 1 டிபியை விண்டோஸ் அப்படித்தான் காட்டும். கோப்பு அமைப்பின், அதாவது கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறையின், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரா' என்று இருந்தது. அதாவது டிஸ்க் உயிரோடு இருக்கிறது, அதன் முகப்புப் பகுதியைத்தான் விண்டோஸால் படிக்க முடியவில்லை. விசாரித்த கடையில், ஃபார்மட் செய்துவிட்டுப் பிறகு மென்பொருள் வைத்து மீட்டுவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபார்மட் என்பது அதே டிஸ்க்கின் மேல் புதிதாக எழுதுவது. டிஸ்க்கைச் சரிபார்க்கப் பலரும் சொல்லும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளை 'ரா' டிஸ்க்கில் ஓடவே ஓடாது. ஓடும் இடத்திலும் அது கோப்பு அமைப்பின் ஒழுங்கைத்தான் சரிசெய்யும், நம் கோப்புகளைக் காப்பது அதன் வேலையல்ல.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புக் கட்டங்கள்) எண்ணிக்கை பூச்சியமாக இல்லை. டிஸ்க் தேய்ந்துகொண்டிருக்கிறது, அதன்மேல் எந்தப் பழுதுபார்ப்பும் கூடாது. முதலில் முழு நகல், பிறகுதான் மற்றதெல்லாம்.

2 டிபி டிஸ்க் ஒன்று புதிதாக வாங்கினேன். நகல் ஒரே பெரிய கோப்பாக வரும் என்பதால் அதில் ஃபேட்32 அமைப்பு உதவாது. அது 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பென் டிரைவிலிருந்து சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸைத் தொடங்கி, அதிலேயே இருக்கும், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். கட்டளையில் மூலமும் இலக்கும் இடம் மாறினால் எல்லாம் அழிந்துவிடும். இரண்டின் அளவையும் திரையில் ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டினேன்.

டிடிரெஸ்க்யூவின் அருமை அதன் வரிசையில் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. திணறும் இடங்களைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்பி வந்து முயல்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசிச் சில இடங்களில் எண்கள் நகரவே மறுத்தன. பொறுத்திருந்தேன். மிகச் சிறிய பகுதி தவிர அனைத்தும் வந்துவிட்டது.

அதன்பின் மூல டிஸ்க்கைத் தொடவில்லை. நகலை டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளில் திறந்தேன். அந்த டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ், தன் முகப்பு செக்டரின் பிரதி ஒன்றைத் தனக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதியின் கடைசியில் வைத்திருக்கும். முகப்பு கெட்டிருக்கிறது, பிரதி நலம் என்று டெஸ்ட்டிஸ்க் காட்டியது. பிரதியை முகப்பின் இடத்தில் எழுதச் சொன்னேன். கோப்புறைகள் ஆண்டு வாரியாக அப்படியே வந்து நின்றபோது தொண்டை அடைத்தது.

ஆனால் பெயர் தெரிவதால் மட்டும் கோப்பு முழுமையாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. நடுவில் சில செக்டர்கள் வெறுமையாக இருந்தாலும் டிஃப் கோப்பு எதிர்ப்பின்றித் திறக்கக்கூடும். இதற்கும் டிடிரெஸ்க்யூவில் வழி உண்டு: மீளாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை நகலுக்குள் நிரப்பச் சொல்லலாம். பிறகு கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால் பழுதானவை பிடிபட்டுவிடும். அப்படிக் கிடைத்த பட்டியல் சிறியதுதான். அதிலிருந்த இதழ்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து வருகிறோம். மீண்ட கோப்புகள் இப்போது புதிய டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரிலுள்ள நண்பர் வீட்டில் ஒன்று என இருக்கின்றன.