விசாவுக்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்னக் கடையில் வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பி, பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் விசாவைப் பற்றித்தான் கேட்பார்கள், நான் பிறப்புச் சான்றிதழைக் கேட்பேன். நம் ஆட்களுக்குச் சிக்கல் கட்டாரிலோ துபாயிலோ தொடங்குவதில்லை, பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பிள்ளை பிறந்த நேரத்தில் யாரோ சொன்ன பெயரை யாரோ சிங்களத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அதில் அம்மா மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, திருமணச் சான்றிதழில் இன்னொன்று. அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்து இன்னும் கொஞ்சம் விலகும். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் விசாவில் ஏறும், அப்புறம் மற்றப் பத்திரங்கள் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டும். "சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி எடுத்தா போதும் அக்கா" என்பார்கள். சில இடங்களில் போதும்தான். ஆனாலும் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவாளர் பிரிவில் திருத்திக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அலைச்சல்தான், ஒரு நாள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாவிட்டால் சம்பளமும் போகும், தெரியும்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அது முழுதாகத் தீரவில்லை. ஒரு பத்திரம் இல்லாததால் என்ன நடக்கும் என்று நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால்தான் ஓர் எழுத்துப் பிழையைக்கூட என்னால் சும்மா விட முடிவதில்லை.

முகவரியும் அப்படித்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்குத் தனி இலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஆபீஸில் கிடக்கும். நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் திகதி முடிந்தபிறகு கைக்கு வந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைத் தபாலுக்கு எழுதுங்கள்.

சரி, விசாவுக்கு வருவோம். 'விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர் புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும், அந்தப் பதிவோடுதான் காப்புறுதியும் வருகிறது. அது இல்லாமல் போய் அங்கே சம்பளம் தராமல் வைத்துக்கொண்டால், இங்கே இருக்கும் தாய் தகப்பன் எந்தக் கந்தோரில் போய் என்ன பத்திரத்தைக் காட்டுவார்கள்? விசிட் விசாவில் வேலைக்குப் போகிறேன் என்று வருகிறவர்களுக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுப்பதில்லை. கடைக்கு வருமானம் குறையும் என்று முதலாளிக்கு வருத்தம்தான்.