மறைமுகக் கூலிக்கு ஆதாரம் கேட்டார்கள்: ஒரு தொழிற்கூடக் கணக்காளரின் அனுபவம்

வாகன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் எங்கள் அம்பத்தூர் தொழிற்கூடம் விலை உயர்வு கேட்டு அனுப்பிய அடக்கவிலைப் பட்டியலை, வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவு ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பியது: “மறைமுகக் கூலிக்கு ஆதாரம் இல்லை.” மூலப்பொருள், நேரடிக் கூலி (பொருளைச் செய்யும் வேலைக்கே தரும் கூலி), மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டன. இயந்திரத்தின் முன் நிற்காத ஆட்களின் சம்பளமான இந்த மறைமுகக் கூலியையும் பொருளின் விலையில் ஏற்றத்தான் வேண்டும் என்பதைக் காகிதத்தில் நிரூபிக்கப் பட்ட பாட்டை, இதே நிலையில் உள்ள சிறு தொழிற்கூடக் கணக்காளர்களுக்காக எழுதுகிறேன்.

சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், பராமரிப்பு எலக்ட்ரீஷியன், தர ஆய்வாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரை மறைமுகக் கூலி என்று பிரிப்பதில் சிரமம் இல்லை. சிரமம் தந்தவர்கள், இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர்கள். ஒரு குறிப்பிட்ட ஆர்டருக்காக சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும்) இயந்திரத்தை அமைக்க ஒரு செட்டர் செலவிட்ட நேரம் ஜாப் கார்டில் (வேலைவாரி நேரக் குறிப்பில்) பதிவாகியிருந்தால், அந்த நேரம் அந்த ஆர்டரின் நேரடிக் கூலி. அதே மனிதர் பிற்பகலில் பழுதான ஃபிக்ஸ்சரை (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனத்தை) சரிசெய்தாலோ புதிய ஆளுக்குப் பயிற்சி கொடுத்தாலோ, அது மறைமுகக் கூலி. பதவியின் பெயரைப் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும். நேரம் எந்த வேலைக்குச் சென்றது என்பதையே பார்க்க வேண்டும். மிகைநேர ஊதியமும் அப்படித்தான். வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் கொடுத்த கூடுதல் தொகை அந்த ஆர்டரையே சேரும். பொதுவான வேலைப் பளுவால் கொடுத்தது தொழிற்சாலை மேற்செலவில், அதாவது எந்த ஓர் ஆர்டருக்கும் தனியே சேராத பொதுச் செலவில் சேரும்.

உண்மையான தொல்லை லேபர் கான்ட்ராக்டரிடமிருந்து வந்தது. பொருள் ஏற்றி இறக்குவோர், பேக்கிங் செய்வோர், வாயிற்காவலர் என எல்லோருக்கும் சேர்த்து மாதம் ஒரே தொகையாக பில் கொடுப்பது அவர் வழக்கம். ஆள்வாரியாகவும் பிரிவுவாரியாகவும் விவரம் கேட்டுத் தொலைபேசியில் சலித்துப்போய், கொட்டும் மழையில் அவருடைய அலுவலகத்துக்கே சென்றேன். அங்கிருந்த எழுத்தர், “பில்லில் இருப்பதுதான் சார் கணக்கு” என்று சொல்லிவிட்டு, மஸ்டர் ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேட்டை) கண்ணில் காட்டவே மறுத்துவிட்டார். அந்த ஆட்களிடம் வேலை வாங்கும் எங்களுக்கு அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை இல்லை என்பதுபோல அவர் நடந்துகொண்டது இன்றும் எனக்கு ஆறவில்லை. கடைசியில் கைகொடுத்தது எங்கள் சொந்த வாயில் பதிவேடு. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் யார் உள்ளே வந்தார், எந்தப் பிரிவுக்குச் சென்றார் என்று எங்கள் காவலர் தவறாமல் எழுதியிருந்தார். அதை வைத்து ஒப்பந்தத் தொகையைப் பிரித்தபோது, பேக்கிங்குக்குச் சென்ற ஆள்நாட்கள் தனியே தெரிந்தன. வெளியே அனுப்புவதற்கான பேக்கிங் விநியோகச் செலவு. அதைத் தொழிற்சாலை மேற்செலவில் கலந்திருந்தால் மொத்தப் பட்டியலும் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும். ஒப்பந்தம் போடும்போதே பிரிவுவாரி வருகைப் பட்டியலை பில்லுடன் இணைக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்துவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்து, கையில் கொடுக்கும் சம்பளம் மட்டும் கூலி ஆகாது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய், மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி தரும் 12 சதவீதமும் காப்பீடு, நிர்வாகக் கட்டணங்களும் சேர்த்து 1,950 ரூபாய், இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு 3.25 சதவீதமாக 585 ரூபாய் என்று, போனசும் பணிக்கொடையும் சேர்வதற்கு முன்பே செலவு 20,535 ரூபாயைத் தொடுகிறது. இதற்கான சலான்களை இணைத்ததும் இந்தப் பகுதி மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது.

பிறகு பங்கீட்டு அடிப்படை: மறைமுகக் கூலியை ஒவ்வொரு பாகத்தின் மேலும் எதை வைத்துப் பிரித்து ஏற்றுவது என்பது. நேரடிக் கூலியின் மேல் ஒரே சதவீதம் போடுவது சுலபம்; தானியங்கி இயந்திரங்கள் உள்ள இடத்தில் அது பொய்யான விலையைத் தரும். எடுத்துக்காட்டாக, மாத மறைமுகக் கூலி 3,60,000 ரூபாய், நேரடிக் கூலி 6,00,000 ரூபாய், இயந்திர நேரம் 2,400 மணி என்று கொள்வோம். கூலி அடிப்படையில் விகிதம் 60 சதவீதம். இயந்திர அடிப்படையில் மணிக்கு 150 ரூபாய். 12 நிமிடம் இயந்திரத்தில் ஓடி, 10 ரூபாய் நேரடிக் கூலி மட்டுமே பிடிக்கும் பாகத்தின் மேல் முதல் முறையில் 6 ரூபாயும், இரண்டாம் முறையில் 30 ரூபாயும் ஏறும். ஒரு பாகத்துக்கு 24 ரூபாய் வேறுபாடு என்றால், அந்த ஆர்டர் லாபமா நட்டமா என்பதே மாறிவிடும்.

அவர்கள் கேட்டது 2023-24 நிதியாண்டின் கணக்கு. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததும், பட்டறைகள் வேலையின்றிக் கிடந்ததும் எல்லோரும் அறிந்தவை. அந்த நாட்களுக்கும் நாங்கள் சம்பளம் கொடுத்தோம். ஆனால் அது அசாதாரணச் செலவு. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2-இன்படி அதைச் சரக்கின் அடக்கத்தில் சேர்க்காமல், அந்தக் காலத்தின் செலவாகவே எழுத வேண்டும். ஆகவே அதைப் பட்டியலிலிருந்து முன்கூட்டியே நீக்கியிருந்தேன். ஆர்டர் குறைந்த மாதங்களிலும் வழக்கமான உற்பத்தித் திறனையே வகுக்கும் எண்ணாக வைத்தேன். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 2,400 மணிக்குப் பதில் 1,600 மணி மட்டுமே ஓடினால் விகிதம் 225 ரூபாயாகிவிடும்; அப்படி நான் ஏற்றவில்லை. கொள்முதல் அதிகாரி முதலில் புரட்டிப் பார்த்தது டிசம்பர் மாதத்தைத்தான். வெள்ள நாட்கள் தனியே நீக்கப்பட்டிருப்பதைக் கண்டதும் அவருடைய கேள்விகளின் தொனியே மாறியது. எனக்கு உயிர் வந்தது.

தர ஆய்வாளர்களின் சம்பளத்தை மட்டும் அவர் ஏற்க மறுத்தார். தரமில்லாமல் ஒதுக்கப்படும் பாகங்களுக்காக விலையில் சேர்க்கும் நிராகரிப்பு சதவீதத்திலேயே அது அடங்கிவிட்டது என்பது அவர் வாதம். அந்தச் சதவீதம் மூலப்பொருளின் இழப்பை மட்டுமே ஈடுகட்டுகிறது என்பதைப் பழைய ஒப்பந்தத்தின் இணைப்பிலிருந்தே எடுத்துக் காட்டிய பிறகு, அடுத்த காலாண்டிலிருந்து சேர்க்க ஒப்புக்கொண்டார். இதை வாய்மொழியாக விட்டுவிடாமல், அதே மாலையில் கூட்டக் குறிப்பாக எழுதி அனுப்பி, அவருடைய ஒப்புதல் பதிலையும் பெற்று விலைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.