ஸ்காபரோவில் பழைய காரைத் திருத்துவதா, விடுவதா?

கனடாவுக்கு வந்து முதலில் வாங்குவது பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். எங்களுடையது 2009 கொரோலா. இந்த வசந்தத்தில் கராஜில் ஒரு பட்டியலைக் கையில் தந்தார்கள்: ஆல்டர்னேட்டர் (பற்றறியைச் சார்ஜ் பண்ணும் சாமான்), முன் பிறேக், ஒரு சில்லின் பெயாரிங். அதற்கு மேல் 13 சதவீத வரியையும் சேர்த்தால், காரை விற்றால் வரும் காசில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். திருத்தும் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் காரை விட்டுவிடு என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அங்கே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் தலைமுறை தாண்டி ஓடின. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எது பழுதானாலும் திருத்தலாம் என்பது எங்கள் இரத்தத்திலேயே ஊறியது. ஆனால் அந்தப் பழக்கத்தையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. காரணம் உப்பு. பனி உறையாமலிருக்கக் குளிர்காலம் முழுக்கத் தெருவில் கொட்டும் உப்பு, காரின் அடியில் ஒட்டிக்கொண்டு இரும்பைத் தின்கிறது. சூடான கராஜில் நிறுத்தினால் கார் பத்திரம் என்று நினைப்போம். உப்புத் தண்ணீரோடு வந்த கார் அந்தச் சூட்டில்தான் இன்னும் வேகமாகக் கறள் பிடிக்கும்.

மெக்கானிக் அண்ணை காரை லிஃப்டில் ஏற்றிவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். ஸ்குரூடிரைவர் பிடியால் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டு போனார். எல்லா இடமும் டங் டங் என்று கேட்டது. "தம்பி, இது நல்ல இரும்பு. முந்தி வைச்சிருந்த ஆள் கறள் பிடிக்காமல் வருசா வருசம் அடியிலை எண்ணெய் அடிச்சிருக்கிறார்" என்றார். பிறகு பக்கத்து லிஃப்டுக்குக் கூட்டிப்போனார். அது 2014 கார். எஞ்சினில் ஒரு குறையுமில்லை. ஆனால் எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கும் சப்ஃபிரேமில் ஸ்குரூடிரைவர் முனையை அழுத்தியதும் அது உள்ளே போனது, செதில் செதிலாகக் கறள் கொட்டியது. பிறேக் குழாயும் பொருக்குத் தட்டியிருந்தது. "எஞ்சின் எண்டா மாத்திவிடலாம். இதை என்னெண்டு மாத்திறது? பிள்ளையளை ஏத்திக்கொண்டு 401 ஹைவேயிலை போற கார்."

என் தீர்மானம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆல்டர்னேட்டர், பிறேக், பெயாரிங் எல்லாம் கழற்றிப் பூட்டுகிற சாமான்கள். காரின் இரும்பு உடம்பு உக்கினால் மட்டும் காசைக் கொட்டக் கூடாது.

புதிதாக வந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சொந்தக் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கிடையாது. பழைய கார் கைமாறித் தெருவில் ஓட வேண்டுமென்றால்தான், ஓடத் தகுதியானது என்று கராஜ் தரும் சேஃப்டி சேர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். அதுவும் 36 நாட்களுக்குத்தான் செல்லும். இடையில் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் குளிர்கால ரயரைக் கழற்றி மாற்றப் போகும்போது லிஃப்டில் நிற்கும் காரைக் கீழிருந்து பார்த்துவிடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். 'அஸ் இஸ்', அதாவது இருக்கிற நிலையிலேயே எடு என்று மலிவாக விற்கும் காரை அடி பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

சரி, திருத்தும் காசை முற்பணமாகப் போட்டு வேறு கார் எடுத்தால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. தனியாரிடம் வாங்கினாலும் பெயர் மாற்றும்போது 13 சதவீத வரி உண்டு. இருக்கிற குளிர்கால ரயர்கள் அதற்குப் பொருந்தாமல் போகலாம். மாதத் தவணை வரும், இன்சூரன்சும் ஏறும். இத்தனைக்கும் மேலே, முந்திய ஆள் அந்தக் காரை எப்படி வைத்திருந்தார் என்று எமக்குத் தெரியாது. எங்கள் காரின் நல்லது கெட்டது எல்லாம் எமக்குத் தெரியும்.

திருத்தினோம். எங்கள் பிழையால் மோதினால் எங்கள் காரைத் திருத்தக் காசு தரும் கொலிஷன் பகுதியை இன்சூரன்சில் நிறுத்திவிட்டோம். இந்த விலைக் காருக்கு அதைக் கட்டுவது வீண். ஒக்ரோபரில் எண்ணெய் அடிக்க நாளும் பதிந்தாயிற்று. அடுத்த வசந்தத்தில் அண்ணை தட்டும்போது சத்தம் மாறினால், அன்றைக்கே வேறு கார் பார்க்கத் தொடங்குவோம்.