ரேஸ் டீம் மேனேஜர் வேலைக்கு நான் வந்த வழி

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது, முதலில் போய், டிராக் ஓரத்தில் கொடி காட்டி நடப்பதைக் கவனிக்கும் மார்ஷலாக நில்லுங்கள் என்பதுதான். நானும் அப்படித்தான் வந்தேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கொடி பிடிக்கப் போனேன். அந்த டிராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன், எண்பதுகளின் கடைசியில் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தவர். அதற்குப் பிறகுதான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஃபார்முலா கார் கைக்கெட்டியது.

மார்ஷல் வேலையில் காசு பெரிதாக வராது. ஆனால் ஒரு வளைவில் நடந்ததை மார்ஷல் எப்படி எழுதி அனுப்புகிறார், அந்தத் தாள் பந்தயத்தை நடத்தும் அதிகாரியான கிளார்க் ஆஃப் த கோர்ஸ் கைக்குப் போய், அங்கிருந்து தீர்ப்புச் சொல்லும் ஸ்டூவர்டுகள் மேசைக்கு எப்படி வருகிறது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். பிற்பாடு டீம் மேனேஜராக நான் மல்லுக்கட்டியது முழுக்க அந்தத் தாள்களோடுதான்.

அப்புறம் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் ஓட்டும் ஒரு சின்ன அணியில் சேர்ந்தேன். முதல் சீசனில் சம்பளம் கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவு மட்டும். லாரியில் என்ன ஏறுகிறது, டயர் எந்த வரிசையில் இறங்குகிறது, பெட்ரோல் யார் பொறுப்பு என்று பட்டியல் போடும் வேலை. பட்டியல் சரியாக இருந்ததால் என்ட்ரி ஃபார்ம்களும் என்னிடமே வந்தன. ஓட்டுநருக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ், மருத்துவச் சான்று, காரைப் பந்தயத்தில் இறக்கும் காம்பெடிட்டர் என்ற முறையில் அணிக்குத் தனியாக ஒரு லைசென்ஸ், ஒவ்வொரு சுற்றுக்கும் சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸ் என்ற தனி விதித்தாள். இந்தக் கடைசியை முழுதாகப் படிக்கிறவர்கள், அணிகள் முகாமிடும் பேடாக்கில் ரொம்பக் குறைவு. நான் அச்செடுத்து, கோடு போட்டுப் படிப்பேன். அப்படித்தான் ஒருநாள் முதலாளி, “இனிமே ரேஸ் ஆபீஸ்ல பேசுறதெல்லாம் நீயே பாத்துக்கப்பா” என்றார். எனக்கு வந்த பதவி உயர்வு அதுதான்.

அதன் கனம் புரிய, உலக மோட்டார் பந்தயங்களுக்கான தலைமை அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விளையாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும். அணிக்காக வேலை செய்யும் யார் எதைச் செய்தாலும், செய்யத் தவறினாலும், பொறுப்பு காம்பெடிட்டருடையது. டிராக்கில் அந்தக் காம்பெடிட்டரின் சார்பாக நிற்பவர் மேனேஜர். கார்களை யாரும் தொடக்கூடாமல் நிறுத்திவைக்கும் பார்க் ஃபெர்மேயில் மெக்கானிக் காரைத் தொட்டாலும், பந்தயத்துக்கு முன் நடக்கும் பிரீஃபிங் கூட்டத்துக்கு ஓட்டுநர் வராமல் போனாலும், பதில் சொல்ல வேண்டியது நான்.

வெள்ளிக்கிழமை, காரையும் பாதுகாப்புச் சாமான்களையும் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியரிங் வரிசையில் இது நன்றாகத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் எஃப்.ஐ.ஏ. லேபிள், உடையின் கழுத்துப்பட்டைக்குப் பின்னால் தைத்திருக்கும் தர எண், சீட் பெல்ட்டில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அச்சிட்ட துணித்துண்டு, தீயணைப்பானில் கடைசியாகச் சர்வீஸ் செய்த தேதி என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பெல்ட் பார்வைக்குப் புத்தம்புதிதாக இருக்கும். ஆண்டு முடிந்திருந்தால் அது வெறும் துணி. சீசன் தொடங்கும் முன்பே இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். காலாவதி ஆகப்போவதைச் சிவப்பில் எழுதுவேன்.

எனக்கு இந்த வேலை பிடிபட்டது சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அந்த டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம். பந்தயத்தின் முதல் வளைவிலேயே எங்கள் காரும் இன்னொரு காரும் உரசி, அந்தக் கார் மண்ணில் போய் நின்றது. பந்தயம் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஸ்டூவர்டுகளிடமிருந்து அழைப்புத் தாள் வந்தது. வாங்கியதும் கையெழுத்துக்குப் பக்கத்தில் மணியை எழுதினேன். ஓட்டுநருக்கு வயது பத்தொன்பது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. “அண்ணா, அவன்தான் உள்ள வந்தான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். “அவனைப் பத்திப் பேசாத. நீ எங்க பிரேக் புடிச்ச, உன் முன்சக்கரம் அவன் காருக்கு எது வரைக்கும் வந்திருந்துச்சு, அதை மட்டும் சொல்லு” என்றேன். அவன் அப்பாவும் உள்ளே வரத் துடித்தார். “சார், நீங்க பேசினா கோபம் தெரியும். நான் பாத்துக்கிறேன்” என்று வெளியே உட்காரவைத்தேன்.

ஆன்போர்டு கேமரா பதிவை லேப்டாப்பில் அந்த நொடிக்கே நகர்த்தி வைத்திருந்தேன். இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் வளைவுக்குள் நுழைவது தெளிவாகத் தெரிந்தது. ஸ்டூவர்டுகள் ஓட்டுநரிடம் கேட்டார்கள், எதிர் அணியிடம் கேட்டார்கள், படத்தை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். பந்தயத்தில் நேரும் சம்பவம்தான், தண்டனை இல்லை என்று முடிவானது. அதோடு முடியவில்லை. உத்தேச முடிவுப் பட்டியலை ஒட்டியதும் அரை மணி நேரக் கெடு ஓடத் தொடங்கும். முடிவை எதிர்த்துப் புகார் கொடுப்பதாக இருந்தால் அதற்குள் எழுத்தில், கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். கெடு தீரும்வரை அறிவிப்புப் பலகையை விட்டு நான் நகரவில்லை. எங்கள் பையனின் மூன்றாமிடம் உறுதியான பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தது வேறு மாதிரி அனுபவம். முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து எல்லாம் தள்ளிப்போனது. அறை, வண்டி, ஆட்கள், சாப்பாடு எல்லாவற்றையும் ரத்து செய்து, 2024 ஆகஸ்ட் கடைசிக்கு மறுபடி முதலிலிருந்து போட்டோம். அப்போதும் சனிக்கிழமை மழை. எஃப்.ஐ.ஏ. ஒப்புதல் தாமதமாகி அட்டவணை மாறியது. புதிய நேரம் வந்ததும் ஓட்டுநர் எப்போது சாப்பிட வேண்டும், மெக்கானிக்குகள் எப்போது கொஞ்சம் கண்ணயரலாம் என்பதைத்தான் முதலில் திருத்தினேன். பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கும் ஆளிடம் வீல் நட்டை நம்பி ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சுற்றுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். சீசன் இல்லாத மாதங்களுக்கு வேறு வேலை வேண்டும். நான் ஒரு சர்வீஸ் சென்டரில் கணக்குப் பார்க்கிறேன். வர நினைப்பவர்கள் சீசன் தொடங்கும் முன்பே கிளப்பில் கேட்டு மார்ஷல் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். தொப்பியும் நல்ல ஷூவும் கட்டாயம். இருங்காட்டுக்கோட்டையில் மார்ஷல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நிழல் கிடையாது.