பரிணாமக் கோட்பாடும் இனவாதமும்: எந்த இடத்தில் வழுக்கியது?

இனவாதம் டார்வின் வரும்வரை காத்திருக்கவில்லை. பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்துவைத்து, முதலில் விதைகளாலும் பின்னாளில் ஈயக் குண்டுகளாலும் நிரப்பி, அவற்றின் கொள்ளளவை அளந்தார். வெள்ளையர் மேலே, கறுப்பர் கீழே என்று அவர் போட்ட வரிசை 1839இலேயே அச்சாகிவிட்டது. ஆரியர் உயர்வைப் பாடிய கோபினோவின் பிரெஞ்சு நூல் 1853இல் தொடங்கி 1855இல் முடிந்தது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ கடைக்கு வந்ததோ 1859 நவம்பர் 24இல். இனவெறியின் தந்தை டார்வின்தான் என்று எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கட்டும்.

மார்ட்டனைச் சுற்றியிருந்தவர்கள் நம்பியது பலமூலக் கொள்கை. மனிதர் எல்லோரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் அல்லர், ஒவ்வோர் இனமும் தனித்தனியே தோன்றியது என்பார்கள். அடிமை முறையைக் காப்பாற்ற நினைத்தவர்களுக்கு இதைவிட வசதியான கொள்கை வேண்டுமா? டார்வினின் பொது மூதாதைக் கருத்து இதன் வேரையே அறுத்தது. பலமூலக் கொள்கையின் பெரும்புள்ளியான ஹார்வர்டின் லூயி அகாசிஸ், சாகும்வரை டார்வினை ஏற்கவில்லை.

அதற்காக டார்வினைக் கறையில்லாதவர் ஆக்கிவிடவும் முடியாது. 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மனித இனங்கள் எத்தனை என்று அன்றைய அறிஞர்கள் சொன்ன எண்ணிக்கைகளை ஓர் இடத்தில் அடுக்குகிறார்: ஒருவர் 2 என்கிறார், இன்னொருவர் 5, வேறொருவர் 22, கடைசி ஆள் 63. இத்தனை முரண்பாடு எப்படி வந்தது? இனங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன, நடுவில் கோடு கிழிக்க இடமில்லை என்பது அவர் வாதம். அருமையான வாதம் அது. ஆனால் அதே நூலில், நாகரிக இனங்கள் வருங்காலத்தில் ‘காட்டுமிராண்டி’ இனங்களை அநேகமாக அழித்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றும் எழுதுகிறார். அம்மை குத்துவதும், நோயாளிகளுக்கு விடுதி கட்டுவதும், ஏழைகளுக்கு உதவச் சட்டம் போடுவதும் நலிந்தவர்களைப் பிழைக்க வைத்துப் பெருக விடுகின்றன, கால்நடை வளர்ப்பவன் யாரும் இப்படிச் செய்யமாட்டான் என்றும் எழுதுகிறார். அடுத்த பத்தியிலேயே, நம் இயல்பின் மிக உன்னதமான பகுதி சீரழியாமல் இந்தப் பரிவை நம்மால் நிறுத்த முடியாது என்று திரும்புகிறார். பின்னால் வந்தவர்கள் முதல் பத்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டார்கள். ஆனால் முதல் பத்தியை எழுதிய கை அவருடையதுதான். அதை மறைத்து அவருக்கு வக்காலத்து வாங்குவது நேர்மை இல்லை.

வழுக்கல் நடந்த இடம் வேறு. ‘தகுதியுள்ளதே பிழைக்கும்’ என்ற தொடர் டார்வினுடையது அன்று. ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதியது. டார்வின் 1869இல், ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்தார். ஸ்பென்சரின் பார்வையில் பரிணாமம் ஓர் ஏணி. உயிர்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன, மேல்படியில் இருப்பது சிறந்தது. இயற்கைத் தேர்வில் ஏணியே கிடையாது. ஒரு குறிப்பிட்ட சூழலில் யார் அதிக வாரிசுகளை விட்டுச்செல்கிறார்கள் என்பது மட்டுமே அங்கே தகுதிக்கு அளவுகோல். சூழல் மாறினால் அளவுகோலும் மாறும். குகைக்குள் வாழும் மீனுக்குக் கண் போனது வீழ்ச்சியும் இல்லை, உயர்வும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, யார் பிள்ளை பெறலாம் என்று கட்டுப்படுத்தி மனித இனத்தை மேம்படுத்தலாம் என்று நம்பிய யூஜெனிக்ஸ்காரர்களின் புலம்பலைப் படித்தால் முரண்பாடு பளிச்சென்று தெரியும். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1883இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். அவரும் அவர் வழி வந்தவர்களும் ஓயாமல் சொன்ன குறை: தகுதியற்றவர்கள் அதிகம் பிள்ளை பெறுகிறார்கள், தகுதியானவர்கள் குறைவாகப் பெறுகிறார்கள். டார்வினின் அளவுகோலில் இது பொருளற்ற வாக்கியம். அதிகம் பிள்ளை பெற்று வளர்த்தவர்தான் அங்கே தகுதியானவர்! அப்படியானால் இவர்கள் பயன்படுத்திய அளவுகோல் எது? வர்க்கம், நிறம், பள்ளிக்கூட மதிப்பெண், நடத்தை பற்றிய முன்முடிவு. அவற்றுக்கு உயிரியல் உடை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, ஒழுக்கத்தை ஒதுக்கிவைப்போம். ‘தகுதியற்றவர்’களுக்குக் கருத்தடை செய்தால் வேண்டாத பண்பு மறைந்துவிடும் என்ற அவர்கள் கணக்காவது சரியா? 1908இல் ஹார்டியும் வைன்பெர்கும் தனித்தனியே கண்டுபிடித்த எளிய சமன்பாடு போதும், நாமே போட்டுப் பார்த்துவிடலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு பண்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10,000 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி என்பதால், 10,000 பேருக்கு மரபணு இடங்கள் 20,000. அந்தப் பண்பின் மரபணு விகிதம் நூற்றில் ஒன்று, அதாவது 200 பிரதிகள். பாதிக்கப்பட்டவரிடம் இருப்பவை இரண்டே இரண்டு. மீதி 198 பிரதிகள், எந்த அறிகுறியும் இல்லாமல் நலமாக நடமாடும் 198 பேரிடம் ஒவ்வொன்றாக ஒளிந்திருக்கின்றன. பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும், ஒருவர் தப்பாமல், ஒவ்வொரு தலைமுறையிலும் கருத்தடை செய்தாலும், அடுத்த தலைமுறையில் மரபணு விகிதம் 1/100இலிருந்து 1/101 ஆகும். பாதியாகக் குறைய 100 தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டு. அதற்குப் பிறகும் 40,000 பேரில் ஒருவருக்கு அந்தப் பண்பு இருக்கும். இடையில் புதிய திடீர்மாற்றங்கள் வேறு சேர்ந்துகொண்டே இருக்கும்.

இதே போக்கிலான கணக்கை மரபியலாளர் பன்னெட் 1917இலேயே வெளியிட்டார். அவரும் யூஜெனிக்ஸில் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனாலும் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் நின்றபாடில்லை. யூஜெனிக்ஸ்காரர்களின் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. ‘மந்தபுத்தி’ என்று அன்று ஒரே பட்டியலில் போட்டது ஒரே மரபணுவின் வேலையே இல்லை. இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் லயனல் பென்ரோஸ் 1,280 நோயாளிகளை ஆராய்ந்து 1938இல் வெளியிட்ட அறிக்கை, காரணங்கள் பல, அவற்றுள் பரம்பரை சாராதவையும் உண்டு என்று காட்டியது.

கட்டாயக் கருத்தடைக்கு முதல் சட்டம் போட்டது அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், 1907இல். சட்டம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வர்ஜீனியாவின் கேரி பக் வழக்கு ஒன்று போதும். வளர்ப்பு வீட்டில் வாழ்ந்த பெண். அந்தக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் பலாத்காரத்துக்கு ஆளாகி, 17 வயதில் கருவுற்றாள். அவளை ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தி 1924இல் ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். தாய் ஏற்கெனவே அங்கே இருந்தாள். தாய், மகள் இருவர் ஆகிவிட்டார்கள். பரம்பரை என்று நிறுவ மூன்றாம் தலைமுறை வேண்டும். ஏழெட்டு மாதக் கைக்குழந்தையைப் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், அதன் தோற்றத்தில் ஏதோ இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். யூஜெனிக்ஸ் பதிவகத்தின் ஹாரி லாஃப்லின், கேரியை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே நிபுணர் கருத்து அனுப்பினார். அவளுக்காக வாதாடிய வழக்கறிஞரோ அதே காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். 1927இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் கருத்தடைக்கு ஒப்புதல் தந்தது. மூன்று தலைமுறை அறிவிலிகள் போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே அறுவை நடந்தது. ‘இயல்பாக இல்லாத’ அந்தக் குழந்தை விவியன் பள்ளிக்குப் போய், நன்றாகப் படிப்பவர்களின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள். அமெரிக்கா முழுவதும் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000க்கு மேல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆதாரம் தவறாக இருந்தது மட்டுமா சிக்கல்? விவியன் உண்மையிலேயே மெதுவாகக் கற்கும் குழந்தையாக இருந்திருந்தால் தீர்ப்பு சரியாகிவிடுமா? ஆகாது. இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பிடித்துக்கொள்ளாமல் விடுவதுதான் இந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

லாஃப்லின் எழுதிய மாதிரிச் சட்டம் ஜெர்மனியில் கவனமாகப் படிக்கப்பட்டது. அங்கே ‘இன சுகாதாரம்’ பேசும் சங்கம் 1905இலேயே தொடங்கியிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், 1933 ஜூலை 14 அன்று, கருத்தடைச் சட்டம் வந்தது. இரண்டு மருத்துவர்களும் ஒரு நீதிபதியும் அமர்ந்த தனி நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. ஏறக்குறைய 4,00,000 பேருக்குக் கருத்தடை நடந்தது. மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்லும் திட்டத்தில், 1941 ஆகஸ்டுக்குள் சுமார் 70,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். 1936இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் லாஃப்லினுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

ஆனால் யூதர் யார் என்று முடிவுசெய்ய வேண்டி வந்தபோது, இரத்தம், இனம் என்று முழங்கிய ஆட்சியிடம் அதற்கான உயிரியல் சோதனை எதுவும் இல்லை. 1935இன் நியூரம்பர்க் சட்டங்களும் அவற்றின் விதிகளும் பார்த்தது தாத்தா பாட்டிகளை. அவர்களில் எத்தனை பேர் யூத மத சமூகத்தில் இருந்தார்கள் என்பதை. மதப் பதிவேட்டைப் புரட்டித்தான் ‘இனத்தை’க் கண்டுபிடித்தார்கள். அந்தச் சித்தாந்தத்துக்கும் அறிவியலுக்கும் இருந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அறவியல். இயற்கையில் ஒன்று இப்படி நடக்கிறது என்பதிலிருந்து, நாமும் இப்படி நடக்க வேண்டும் என்பது வராது என்று தத்துவவாதி ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிவிட்டார். டார்வினின் நெருங்கிய ஆதரவாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1893இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் இன்னும் ஒரு படி போனார்: சமூகத்தின் அற வளர்ச்சி இயற்கையின் போக்கைக் காப்பியடிப்பதில் இல்லை, அதிலிருந்து ஓடுவதிலும் இல்லை, அதை எதிர்த்துப் போராடுவதில் இருக்கிறது. ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் 1902இல் எதிர்ப்பக்கமாக வந்தார். விலங்குகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதை எடுத்துக்காட்டி, இயற்கையே ஒத்துழைப்பைத்தான் கற்றுத்தருகிறது என்றார். மனம் குரோபோட்கின் பக்கம் சாய்கிறது, ஆனால் ஹக்ஸ்லிதான் சரி. இயற்கையில் ஒத்துழைப்பும் உண்டு, குட்டியைக் கொல்லும் சிங்கமும் உண்டு. எதைப் பின்பற்றுவது என்று தேர்ந்தெடுக்கும்போதே நம் கையில் வேறோர் அளவுகோல் வந்துவிடுகிறது.

பரிணாமத்தால் அறவியலுக்கு வந்த உண்மையான தலைவலி வேறொன்று. அதையும் டார்வினே 1871இல் எழுதிவிட்டார். மனிதர்கள் தேனீக்களைப் போல வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தம் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாக நினைப்பார்கள், தாய்மார் கருவளமுள்ள மகள்களைக் கொல்ல முயல்வார்கள், யாருக்கும் அது தவறாகவே படாது என்கிறார். அப்படியானால் நம் மனச்சாட்சி காட்டுவது உண்மையையா, அல்லது நம் வாழ்க்கை முறைக்கு ஏற்ப விளைந்த பழக்கத்தையா? 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் தந்த விதி, உறவின் நெருக்கத்தால் பெருக்கிய பயன் செலவைவிட அதிகமானால் தியாகம் பரிணாமத்தில் நிலைக்கும் என்கிறது. உடன்பிறப்புக்கு 1/2, ஒன்றுவிட்ட சகோதரருக்கு 1/8. சொந்தக்காரர் மேல் நமக்கு ஏன் கூடுதல் பாசம் என்பதை இது நன்றாக விளக்குகிறது. ஆனால் 1/8க்குக் கீழே இருக்கும் அந்நியரிடம் நமக்குக் கடமை குறைவு என்று இதிலிருந்து வாதாடினால், ஸ்பென்சர் வழுக்கிய அதே இடம்தான்.

இன்றைய நிலவரம். மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972இல் இரத்த வகைகளையும் இரத்தப் புரதங்களையும் வைத்து மனித வேறுபாட்டைப் பங்கிட்டார். சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. ‘இனங்கள்’ என்று சொல்லப்படும் பெரும்பிரிவுகளுக்கு இடையே இருந்தது 6 விழுக்காடு சொச்சம். பல மரபணு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் மூதாதையர் எந்தப் பகுதியினர் என்று ஊகிக்கலாம் என்பதும் உண்மை. அதை மறுக்கத் தேவையில்லை. மூதாதையர் வாழ்ந்த பகுதியை ஊகிப்பது ஒன்று, திறமையை வரிசைப்படுத்துவது வேறு.

இனி யாராவது, இந்தப் பண்பு இவ்வளவு விழுக்காடு பரம்பரை, ஆகவே இந்த இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமும் பரம்பரைதான் என்று ஆரம்பித்தால், உயரத்தைக் காட்டுங்கள். மனித உயரத்தில் ஒரு கூட்டத்துக்குள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 80 விழுக்காடு மரபுவழி வருவது. தென் கொரியப் பெண்களின் சராசரி உயரமோ, ஒரு நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியது. நான்கைந்து தலைமுறைக்குள் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. உணவும், குழந்தைப் பருவ நோய்களும், மருத்துவமும்தான் மாறின.